இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன்

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரவிருந்த தம்பி, கோப்பியை ஊறவைத்துச் சல்லடைத் தட்டால் அழுத்தி வடிக்கும் பாத்திரம் ஒன்று கொண்டு வருவதாகச் சொன்னான். "அக்கா, எவர்சில்வரோ கண்ணாடியோ?" என்று கேட்டான். நிறம் ஊறுவதைப் பார்க்கலாமே என்று கண்ணாடியைக் கேட்டவள் நான்தான்.

அது எங்கள் அனலைதீவு வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, மல்லியும் சுக்கும் சேர்த்து மாவாக அரைத்த வீட்டுக் கோப்பித் தூளைப் போட்டுக் கொதிநீர் ஊற்றினேன்.

"அம்மா, இதுக்குக் கொரகொரப்பான தூள்தான் வேணுமாம். மாவா இருந்தா அடைச்சுப்போடுமாம்" என்றாள் பத்தாம் தரம் படிக்கும் மகள்.

"ஓம் ஓம், நீர்தானே எனக்குக் கோப்பி போடப் பழக்கினனீர்!" என்றேன்.

தட்டு பாதியில் இறுகி நின்றது. பாத்திரம் மேசையில் வழுக்கியது. "பிள்ளை, இறுக்கிப் பிடி" என்று சொல்லிவிட்டு, இரு கைகளாலும் என் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினேன். கண்ணாடி வெடித்தது. கோப்பி முழுவதும் அவள் கைகளில் கொட்டியது.

தண்ணீரை ஊற்றி ஊற்றி ஆற்றி, ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் படகில் அவளைக் கொண்டு ஓடினோம். "அழாதேங்கோ அம்மா, தூள்தானே பிழை" என்று வழியெல்லாம் அவள்தான் என்னைத் தேற்றினாள். பிழை தூளில் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புண் ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. இப்போது வீட்டில் எவர்சில்வர் பாத்திரம், கொரகொரப்பான தூள். தட்டு சற்று இறுகினாலும் அழுத்தாமல் தேநீர் வடியில் ஊற்றிவிடுகிறேன். யாரையும் பிடிக்கச் சொல்வதில்லை. ஆனாலும் நான் தட்டில் கை வைத்ததும், மகள் தன் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுகிறாள்.