பூனைக்கா வெறி?

பத்து நாளைக்கு முன்னால் டூட்டி முடிந்து சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன்... வாசலில் நாலு ஆம்பிளைகள் கையில் கட்டையோடு நிற்கிறார்கள். திருடன் கிருடன் புகுந்துவிட்டானோ என்று பதறிக்கொண்டு ஓடினேன்.

திருடன் இல்லை. என் பூனையை அடித்துக் கொல்ல நிற்கிறார்கள்!

முன்னால் நின்றவர் எதிர்வீட்டு தணிகாசலம். சைக்கிள் கடை வைத்திருக்கிறார். தெருவில் யாருக்கு எது என்றாலும் முதலில் வந்து நிற்கிற மனுஷர். அவர் கையிலும் கட்டை.

"கோச்சிக்காதீங்கக்கா. அதுக்கு வெறி புடிச்சிருக்குது. வாயெல்லாம் எச்சில் கயிறு மாதிரி தொங்குது. தண்ணியில வாய வெச்சதும் வீல்னு கத்திக்கினு ஓடுது. எம் பொண்ணு தெனமும் அதத் தூக்கி மடியில வெச்சிக் கொஞ்சிக்கினு கெடக்குது. நாளைக்கு ஒண்ணுன்னா, தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி நீங்களா போட்டுக்குவீங்க?"

நியாயமான கேள்விதான். அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கார்டு. அன்றைக்குப் பார்த்து வீட்டில் இருந்தார். உள்ளே இருந்தபடியே, "விடேன்... ஊர் வம்பு நமக்கு எதுக்கு?" என்றார்.

ஊர் வம்பா? மூணு வருஷமாக நம் வீட்டில் வளர்கிற பூனை, அதை அடித்துப் போடுகிறேன் என்கிறார்கள், அது ஊர் வம்பா? அவரை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

"நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள டாக்டர் கையால எழுதி வாங்கினு வர்றேன். வெறின்னு அவர் சொல்லிட்டா நானே தூக்கி உங்ககிட்ட குடுத்துடறேன். அதுவரைக்கும் எவனாவது அது மேல கைய வெச்சீங்க..." என்று கத்தினேன். மீதியைச் சொல்லவில்லை. கட்டைகள் கீழே இறங்கின.

பூனையின் பெயர் டிரங்கால். விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நான் காலம் தள்ளுவது வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களில் பலருக்குத் தெரியும். மெட்ராஸுக்கு டிரங்கால் போட்டவர்கள் எப்படித் தொண்டை கிழியக் கத்துவார்களோ, அப்படிக் கத்திக்கொண்டு வந்து சேர்ந்த குட்டி அது. அதான் அந்தப் பெயர். சமீப காலமாகச் சத்தமே இல்லை. அடடே, வயசானதும் அடக்கம் வந்துவிட்டது என்று நான்கூட மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் லீவு போட்டேன். ஒயர் கூடையில் வைத்து, மேலே துண்டைக் கட்டி, முதலில் பக்கத்தில் மாட்டு வைத்தியம் பார்க்கிற ஒருத்தரிடம் தூக்கிக்கொண்டு போனேன். கூடையைப் பத்தடி தள்ளி வைக்கச் சொன்னார். வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான் வைத்தியம்.

"வெறிதாம்மா. முடிச்சிடுங்க."

"கிட்ட வந்து பாருங்களேன்."

"பாக்கவே வேணாம்மா. ஒரு பூனைக்குப் போயி இம்மாம் பேஜாரா?" என்று சிரித்தார்.

சிரிப்பு! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மரத்தையே பிடுங்கியிருப்பேன். பத்தடி தூரத்திலிருந்து ஒரு உயிருக்குத் தூக்கு எழுதுகிறார்... அதையும் சிரித்துக்கொண்டே எழுதுகிறார்.

அங்கிருந்து நேராக எக்ஸ்சேஞ்சுக்குப் போய், திண்டிவனம் ஆபரேட்டர் சரோஜாவை லைனில் பிடித்தேன். ஆறு வருஷமாகக் குரலில் மட்டும்தான் சிநேகம், இன்னும் முகம் பார்த்ததில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"இங்க ஒரு டாக்டர் இருக்காருடி. கவர்மென்ட் வேலைய உட்டுட்டு வீட்லயே பாக்கறாரு. நாய், பூனை எல்லாம் பாப்பாரு. மல்லாட்டை மண்டிக்குப் பக்கத்து வீடு. ஜல்தியா பஸ் ஏறு."

பஸ்ஸில் கண்டக்டர் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "கோழின்னா பரவாயில்ல, ஆடுன்னா மேல போடலாம்... பூனைய எந்தக் கணக்குல சேக்கறது?" என்று தலையைச் சொறிந்தார். முன் சீட்டில் விபூதி போட்ட ஒருத்தர், "காலங்காத்தால பூனை சகுனமா? போற காரியம் வெளங்கினாப்பலதான்!" என்றார்.

"குறுக்கே போனாத்தானேய்யா சகுனம்? இது கூடவே வருது. சும்மா உக்காருங்க" என்றேன். திண்டிவனம் வரைக்கும் அவர் திரும்பியே பார்க்கவில்லை.

டாக்டருக்கு ஐம்பது வயசுக்குள் இருக்கும். கையில் தோல் உறையை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"எத்தனை நாளா இப்படி எச்சில் ஊத்துது?"

"ரெண்டு நாளா சார்." யோசிக்காமல் வந்துவிட்டது. உடம்புக்கு ஏதோ என்றதும் ஓடி வந்த பொறுப்பான மனுஷி என்று காட்டிக்கொள்ள வேண்டாமா?

அவர் ஒரு அடி பின்னால் போனார். "ரெண்டு நாள்தான்னா நான் பயப்படணும்மா. அப்ப அது வெறியா இருக்கலாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லையா?"

யோசித்தேன். போன தீபாவளிக்கு முன்பே இதன் வாய் நாற ஆரம்பித்தது. பக்கத்தில் வந்தால், "சீ, போ, என்னத்தைத் தின்னுட்டு வந்தியோ" என்று நான்தான் விரட்டுவேன். பொங்கல் சமயத்தில் கருவாட்டை ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து மென்றது. அதைப் பார்த்து நானும் என் வீட்டுக்காரரும் சிரித்தோம். அப்புறம் மீன் துண்டை வாயில் எடுப்பதும் கீழே போடுவதுமாக இருந்தது. "திமிரைப் பாரு, ருசி கேக்குது மகாராணிக்கு" என்றேன். வாயைக் காலால் அடித்து அடித்துத் தேய்த்துக்கொள்ளும். கத்துவதையும் நிறுத்திவிட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் என்ன செய்வது? "ரெண்டு நாள்" என்று சாதித்தால் பூனை போய்விடும். உண்மையைச் சொன்னால் என் மானம் போய்விடும்.

"அப்ப ஒரு வருஷம்" என்றார் டாக்டர்.

"...இருக்கும் சார்."

"அப்ப வெறி இல்ல. வெறி புடிச்சது பத்து நாள் தாங்காதும்மா."

மயக்க ஊசிக்கு எடை தெரிய வேண்டுமாம். மாட்டுக்குக் குத்துமதிப்பாகப் போடலாம், பூனைக்குக் கொஞ்சம் கூடினாலும் ஆபத்தாம். அவரிடம் தராசு இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மல்லாட்டை மண்டிக்கு ஓடினேன். வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிற ஆள் துண்டை விலக்கிப் பார்த்தார். தராசு ஆடி நிற்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

"கூடைக்கும் துணிக்கும் கழிச்சா ரெண்டு கிலோம்மா. எலும்பும் தோலுமா இருக்குதே, பாத்துக்கக் கூடாதா?"

அன்றைக்கு என்னோடு பேசிய ஆம்பிளைகளில் அவர்தான் பூனையைப் பூனையாகப் பார்த்தவர். அவர் மேலும் எனக்குக் கோபம்தான் வந்தது.

ஊசியில் அது தலை சாய்ந்ததும் டாக்டர் வாயைத் திறந்து, டார்ச் அடித்து என்னைக் கூப்பிட்டார். வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஈறு முழுக்க ரத்தச் சிவப்பு. பல் இடுக்கெல்லாம் சீழ். கடைவாய்ப் பற்கள் தொட்டால் ஆடின. அந்தப் புண்ணில்தான் பச்சைத் தண்ணீர் பட்டதும் அது அலறிக்கொண்டு ஓடியிருக்கிறது.

"ஒரு நாள் உங்களுக்குப் பல்வலின்னா ஆபீஸ் போவீங்களாம்மா?"

"போக மாட்டேன்."

"இது ஒரு வருஷமா உங்க வீட்ல இருந்துக்கினு இருக்குது."

கடைவாய்ப் பல் அத்தனையையும் பிடுங்கினார். முடியும்வரை அதன் காலைப் பிடித்துக்கொண்டே அழுதேன். அழுகைகூட இல்லை அது, ஆத்திரம். வாராவாரம் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் நாட்டாமை பண்ணுகிறேனே... என்னை எந்தக் கட்டையால் அடிப்பது?

சாயங்காலம் தெருவில் அதே நாலு பேரும் கட்டையோடு காத்திருந்தார்கள். டாக்டர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருந்தார். தணிகாசலம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னான்னு போட்டிருக்குதுக்கா? நீங்களே படிங்க" என்றார்.

'வெறிநோய் இல்லை' என்கிற முதல் வரியோடு நிறுத்தியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் நாக்கு அதற்குச் சம்மதிக்கவில்லை. இரண்டாவது வரியையும் தமிழில் சொன்னேன் — 'ஓராண்டாகக் கவனிக்கப்படாத வாய்ப்புண்.' தெருவே கேட்டது. வீட்டுக்காரர் மெல்ல உள்ளே நழுவினார். நாலு பேரும் கட்டையைப் போட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

நேற்று காலையில் தணிகாசலம் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மீன் குழம்பில் குழையப் பிசைந்த சோற்றை டிரங்கால் தட்டு தேய நக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அவர் உச்சுக் கொட்டினார்.

"எம்மாம் வலியத் தாங்கிக்கினு இருந்திருக்குது... பாவம்க்கா, வாயில்லா ஜீவன்."

"வாய் இருந்துச்சுங்க தணிகாசலம். ஒரு வருஷமா நாறிக்கினேதான் இருந்துச்சு. தொறந்து பாக்க இந்த வீட்லதான் ஆள் இல்ல" என்றேன்.