கைப்பிடிக் கொழுந்து

ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இராசம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. இப்போது நாட்டுக்கே தெரியும், ஆனால் அது நல்லபடியாகத் தெரிந்ததல்ல. நாடாளுமன்றத்தில் கோட் போட்ட இரண்டு பேர், முகம் சிவக்க, அவளை வைத்து ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். முதுகில் கொழுந்துக் கூடையை மாட்டி அவர்களைச் சரிவில் ஏற விட்டிருந்தால் மூச்சு வாங்கியே அவ்வளவு சத்தமும் அடங்கியிருக்கும். யார் விடுவது?

இராசம்மா அந்தத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில், பிறந்தவள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை முடித்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் கொழுந்து எடுக்கும் நிரைக்கு வந்தவள். கொழுந்து லோரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த செல்லையாவைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதன், குடிக்க மாட்டான், சத்தமாகக்கூடப் பேச மாட்டான். ஒரு மழை நாளில் தாப்பா ஊருக்கு இறங்கும் வளைவில் லோரி சரிந்தது, அவனும் போய்விட்டான். அப்போது மகள் வசுமதி வயிற்றில் இருந்தாள்.

கருமாதி முடிந்து வேலைக்குப் போனபோது இராசம்மாவுக்குக் கை ஓடவில்லை. செடியைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தாள். சாயங்காலம் நிறுக்கும் இடத்துக்கு வந்தபோது அவள் கூடை நிறைந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு முதன்முதலாக வாய்விட்டு அழுகை வந்தது என்று சொல்வார்கள்.

அந்தத் தோட்டத்துப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைத்தாய்ச்சியோ, காய்ச்சல்காரியோ, சாவு வீட்டுக்காரியோ கை ஓடாமல் நிரையில் நின்றால், அவளைத் தாண்டிப் போகிறவர்கள் தங்கள் கூடையிலிருந்து ஒரு கைப்பிடி கொழுந்தை எடுத்து அவள் கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். நிறுக்கும்போது அது அவள் பெயரில் ஏறும். கைப்பிடி என்றுதான் அதற்குப் பேர். யாரையும் கேட்டுக்கொண்டு போடுவதில்லை, போட்டதை வெளியில் சொல்வதுமில்லை. வாங்கியவள் நன்றி சொன்னால் போட்டவளுக்குக் கோபம் வரும். எடுத்த கைப்பிடியைத் திரும்பத் தன் கூடையில் போட்டுக்கொள்வது பெரிய பாவம். வேலை வாங்கும் தண்டல் பார்த்தாலும் வெற்றிலையைத் துப்புகிற சாக்கில் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். கொழுந்து வெட்டும் கத்தரி வந்தது, இயந்திரம் வந்தது, பாதி வேலைக்கு வங்காளதேசத்துப் பையன்களும் வந்துவிட்டார்கள். மிச்சம் இருந்த பெண்கள் இந்தப் பழக்கத்தை மட்டும் விடவில்லை.

தன் கூடையில் விழுந்த கைப்பிடிகளை இராசம்மா மறக்கவே இல்லை. நிரையில் எவள் முகம் வாடியிருந்தாலும் முதல் கைப்பிடி அவளுடையதாக இருக்கும். கோயில் உண்டியல் சாவி முதல் கல்யாண வீட்டு நகைப்பெட்டி வரை லயத்து ஜனங்கள் அவளிடம்தான் கொடுத்துவைப்பார்கள். "இராசம்மா கை சுத்தமான கை" என்பார்கள். வசுமதி வளர்ந்து ஈப்போவில் வேலைக்குப் போன பிறகு, சொத்து என்று அவளிடம் இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

அப்படி இருக்கையில்தான் மலை சரிந்தது. மேலே எவனோ காய்கறித் தோட்டம் போடக் காட்டை மொட்டையடித்திருந்தான். மழை விடாமல் பெய்ததும் செம்மண் குழம்பு லயத்து வீடுகள் எல்லாவற்றுக்குள்ளும் புகுந்தது. உயிர் போகவில்லை, அது முனியாண்டி புண்ணியம். வெளிநாட்டு வேலையாட்கள் தங்கியிருந்த கொங்சி என்ற தகரக் கொட்டகையும் சேற்றில் மூழ்கியது. லயத்து ஜனங்கள் எல்லாரும் பாலாய் ராயா என்ற பொது மண்டபத்தில் போய்ப் படுத்தார்கள்.

உதவிக்கு ஒரு வெளிநாட்டு அமைப்பு வந்தது. அதன் சின்னம் மஞ்சள் விளக்கு என்பதால் ஜனங்கள் 'வெளக்கு ஆபீஸ்' என்றார்கள். எங்கெங்கோ முகம் தெரியாத மனிதர்கள் போட்ட காசு. குடும்பத்துக்கு ஒரு மெத்தை, ஒரு கேஸ் அடுப்பு, சாமான் பெட்டிகள், பிறகு லயத்துக்குப் பின்னால் மண்ணைத் தடுக்க ஒரு பெரிய சுவர் என்று சொன்னார்கள். சாமானை ஏற்றி வரும் குத்தகை உள்ளூர் முதலாளி ஒருவருக்குப் போனது. அவர் ஆளுங்கட்சியில் யாருக்கு மச்சான் என்று சொல்லத் தேவையில்லை, மச்சான் இல்லாமல் குத்தகை ஏது? பெட்டிகள் வந்தன. மெத்தையும் அடுப்பும் மலை ஏறவே இல்லை.

விளக்கு ஆபீசிலிருந்து வந்திருந்த கோகிலன் என்ற இளைஞன் சாமான் அறைச் சாவியை இராசம்மாவிடம் கொடுத்தான்.

"எல்லாரும் ஒங்க பேரத்தான் சொல்றாங்க ஆன்ட்டி. நீங்களே பிரிச்சுக் குடுத்துருங்க."

"கொங்சிப் பையனுங்களுக்கு எத்தன பெட்டி தம்பி?"

"வீட்டு நம்பர் இல்லாத எடத்துக்குக் குடுக்க முடியாது ஆன்ட்டி. மேல உள்ளவங்க போட்ட ரூல்ஸ். நான் என்னா பண்றது?"

அன்று மாலை சொஹேல் என்ற வங்காளதேசத்துப் பையன் உரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு மண்டப வாசலில் நின்றான். காய்ச்சலில் பல் கிட்டிப்போயிருந்தது. உள்ளே வரலாமா என்றுகூட அவன் கேட்கவில்லை.

இராசம்மா சாமான் அறைக்குள் போனாள். ஒவ்வொரு பெட்டியாகப் பசை நாடாவைக் கீறித் திறந்து, ஒன்றில் ஒரு பால் டின், ஒன்றில் ஒரு அரிசிப் பொட்டலம், ஒன்றில் பிஸ்கட் என்று எடுத்தாள். அடுத்த வீட்டுக் கங்கா உள்ளே வந்தவள், பார்த்துவிட்டு, பெட்டியைத் திரும்ப ஒட்ட நாடாவின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள். மற்ற பெண்களும் பார்த்தார்கள், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நிரையில் நடப்பதுதான் இங்கேயும் நடந்தது. யாரையாவது கேட்டுச் செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கேட்டுவிட்டால் அது கைப்பிடி ஆகுமா?

கொங்சியில் அன்று உலை கொதித்தது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

சில மாதம் கழித்து நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து, விளக்கு ஆபீஸ் அனுப்பிய சாமான் பாதி வழியிலேயே விற்கப்பட்டுவிட்டது, இதில் ஆளுங்கட்சி ஆட்களுக்குப் பங்கு இருக்கிறது என்றார். வீண் பழி, நிரூபித்துக் காட்டு என்றார் ஆளுங்கட்சிக்காரர். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இத்தனை வருடம் லயத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காத வைபிமார்கள், அதுதான் மக்கள் பிரதிநிதிகள், எல்லாம் மாறி மாறிக் காரில் வந்து இறங்கினார்கள். சேற்றுக் கறை படிந்த வீட்டுச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சுவருக்குள் எப்படிக் குடியிருக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

விசாரிக்க வெளிநாட்டிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். பாலாய் ராயாவில் கூட்டம். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் ஒரு கட்சி, நடுவில் மொழிபெயர்க்க ஒரு பெண், சுற்றிலும் கேமரா. பெட்டி கனமாக இருந்ததா என்று கேட்டார்கள். கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது என்றார்கள் ஜனங்கள். நாடா அறுந்திருந்ததா? அறுந்துதான் இருந்தது. யார் அறுத்தது? பெண்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அப்போதுதான் குணாளன் எழுந்தான். லயத்துக்காரன்தான், ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர். தலைவர்கள் முன்னால் நல்ல பேர் வாங்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

"இதுல என்னா சந்தேகம்? கொங்சிக்காரனுங்கதான் பூந்து எடுத்துருப்பானுங்க. பர்மிட் இல்லாதவனுங்க வேற. போலீசக் கூப்டா தெரிஞ்சிரும்லா."

இராசம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போலீஸ் வந்தால் அந்தப் பையன்களை லோரியில் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அவள் எழுந்தாள். பக்கத்தில் இருந்த கங்கா அவள் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து, "ஒக்காருக்கா" என்று பல்லுக்குள் சொன்னாள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று இராசம்மா நினைத்தாள். அந்தப் பழமொழியை நம்பி எத்தனை நல்லவர்கள் கெட்டிருக்கிறார்கள் என்று அவளுக்கு யார் சொல்வது?

"யாரும் திருடலங்க. நான்தான் எடுத்தேன். ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு கைப்பிடி எடுத்து, அந்தப் புள்ளைங்களுக்குக் குடுத்தேன். எங்க தோட்டத்துல அதான் வழக்கம்."

மொழிபெயர்த்த பெண் அதை ஒழுங்காகத்தான் சொன்னாள், குறை சொல்ல முடியாது. ஆனால் 'நான்தான் எடுத்தேன்' என்றதுமே கேமராக்காரர்கள் எழுந்து பாய்ந்தார்கள், நாற்காலிகள் உருண்டன, ஆளாளுக்கு போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"இருங்க, இன்னும் நான் முடிக்கல" என்று இராசம்மா கத்தினாள். "மெத்த எங்க? அடுப்பு எங்க? அதெல்லாம் என் கையில அடங்குமா?"

அதை யாரும் கேட்கவில்லை. யானை போன பாதையை விட்டுவிட்டு எறும்பு போன பாதையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்றைக்கே வீடியோ ஊரெல்லாம் ஓடியது. 'நான்தான் எடுத்தேன்' என்பதோடு அது முடிந்துவிடும். ஆளுங்கட்சிக்காரர்கள், பார்த்தீர்களா, எடுத்தவர்களே ஒப்புக்கொண்டார்கள், வீணாக எங்களைப் பழித்தீர்களே என்றார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள், இந்தப் பெண் காசு வாங்கிக்கொண்டு பழியை ஏற்கிறாள் என்றார்கள். முதலாளி மச்சானுக்கு அந்த ஆண்டு கோயில் திருவிழாவில் மாலை போட்டார்கள். இராசம்மாமேல் வழக்கு எதுவும் போடவில்லை. போட்டிருந்தாலாவது ஒரு நாள் குற்றமில்லை என்று தீர்ப்பு வந்திருக்கும். விளக்கு ஆபீஸ் விசாரணை முடியும் வரை எல்லா வேலையும் நிறுத்தம் என்று அறிவித்தது, கோகிலன் சாவியை வாங்கிக்கொண்டு போனான். விசாரணை இன்றுவரை முடியவில்லை, சுவரும் வரவில்லை.

ஈப்போவிலிருந்து வசுமதி போன் செய்தாள்.

"ஏம்மா எந்திரிச்ச? அத்தன பேரு சும்மா இருந்தாங்கல்ல? இங்க ஃபேக்டரில எல்லாம் என்னையப் பாத்துச் சிரிக்கறாங்கம்மா."

"அந்தப் புள்ளைங்களப் புடிச்சிட்டுப் போயிருப்பாங்கடி."

"அவங்கள நெனச்ச, என்னைய நெனச்சியா?"



லயத்தில் யாரும் இராசம்மாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு சொல்லி அழுது தீர்த்திருப்பாள். மழை வலுக்கும்போதெல்லாம் ஜனங்கள் பின்பக்கத்து மேட்டைப் பார்ப்பார்கள், பிறகு அவள் வீட்டைப் பார்ப்பார்கள். "ஒங்களாலதான் சொவரு போச்சு" என்று குணாளன் மட்டும் ஒரு தடவை முகத்துக்கு நேரே சொன்னான். உண்டியல் சாவியைக் கோயில் கமிட்டி வாங்கிக்கொண்டது. நாடாவின் மறுமுனையைப் பிடித்த கங்கா, காலையில் அவளுக்காகக் காத்திராமல் முன்னாலேயே வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொஹேல் வந்தான். கம்போங் ராஜாவில் ஒரு பூத்தோட்டத்தில் வேலை கிடைத்துப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். கடையில் வாங்கிய புதுப் பால் டின் ஒன்றை அவள் முன்னால் வைத்தான்.

"ஆன்ட்டி, இது திரும்பக் குடுங்க. குடுத்தா அவங்க கோவம் போகும்தானே?"

அவள் அவனை உட்கார வைத்துச் சோறு போட்டாள். அந்த டின்னை இன்றுவரை திறக்கவில்லை, சாமி படத்துக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. யாரிடம் திரும்பக் கொடுப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை.

போன மாதம் சசிரேகா நிரைக்கு வந்தாள். குணாளனின் தம்பி மனைவி, முதல் கர்ப்பம், குமட்டலில் முகம் வெளுத்துப்போயிருந்தது. மதியமாகியும் கூடையின் அடி மறையவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். கங்காவும் போனாள். ஒருத்தி கூட நிற்கவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் போனார்கள், பார்க்காத மாதிரி.

இராசம்மாவால் முடியவில்லை. பக்கத்தில் வந்ததும் தன் தோளுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு கைப்பிடி கொழுந்தை எடுத்தாள்.

சசிரேகா கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தன் கூடையின் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"வேணாம் பெரிம்மா. யாராச்சும் போன்ல எடுத்துட்டாங்கன்னா என்னையும் திருடின்னு சொல்வாங்க."

அவள் கெட்ட பெண் இல்லை, பயந்த பெண். இராசம்மா அங்கிருந்து நகர்ந்தாள். எடுத்த கைப்பிடியைத் திரும்பத் தன் கூடையில் போட அவளுக்கு மனம் வரவில்லை, மண்ணில் எறியவும் மனம் வரவில்லை. அதை ஒரு கைக்குள் மூடிக்கொண்டே சாயங்காலம் வரை அரைகுறையாகக் கொழுந்து எடுத்தாள்.

நிறுக்கும் இடத்தில் கணக்கு எழுதும் கிராணி அவள் கூடையைத் தராசில் ஏற்றினார். நிமிர்ந்தவர் அவள் மூடிய கையைப் பார்த்தார்.

"கையில என்னா இராசம்மா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் போனைத் தூக்கினான்.

இராசம்மா கையை நீட்டி விரித்துக் காட்டினாள். கசங்கிக் கறுத்த கொழுந்து உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னோடதுதாங்கய்யா" என்றாள்.