அக்கா கிட்டாரும் தங்கை கிட்டாரும்

அந்த இரண்டு கிட்டார்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் செய்தவனே குழம்பிப்போவான். ஒரே கம்பெனி, ஒரே செம்பழுப்பு நிறம், ஒரே இடுப்பு வளைவு. மின்சாரக் கிட்டார்தான், ஆனால் நடுவில் மட்டும் கெட்டி மரக்கட்டை, இரு பக்கமும் உள்ளே காலி. அந்தக் காலி வயிறுதான் குரலுக்குக் கொஞ்சம் மூச்சைக் கொடுக்கும். கொண்டுவந்த தாடிக்காரர் ஒன்றை அக்கா என்பார், மற்றதைத் தங்கச்சி என்பார். கழுத்தில் சின்னத் தழும்பு இருந்தால் தங்கச்சி.

“அண்ணே, மேடையில அக்காவுக்குக் கம்பி அறுந்துச்சுன்னா பாட்ட நிறுத்தாம தங்கச்சியத் தூக்கணும். ஆள் மாறினதே யாருக்கும் தெரியக்கூடாது. இப்ப தங்கச்சி குரல் கொஞ்சம் மந்தம். அக்கா மாதிரி ஆக்கிக் குடுங்க, போதும்.”

“இதெல்லாம் ஒரு வேலையா?” என்றார் பாம்புச்செவி.

அது அவருடைய பட்டப்பெயர். கிட்டார் பழுது பார்க்கும் அந்தக் கடைக்கு வந்தவர்கள் வைத்தது. மூடிய கதவுக்கு அப்பால் வாசிக்கிற கிட்டாரில் எந்தக் கம்பி பழசு என்று சொல்லிவிடுகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஆனால் நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி அல்ல, அவர் மனைவியைப் பற்றி. அந்தக் கடையில் காது அவருடையது, கை அவளுடையது. கல்யாணமாகி வந்த புதிதில் அவர் விரல்களைச் சுட்டுக்கொள்வதைப் பார்க்கச் சகிக்காமல் ஈயம் பற்றவைக்கும் கோலைப் பிடுங்கினாள். அதற்கப்புறம் திருப்பிக் கொடுக்கவே இல்லை. வாசிக்க அவளுக்கு ஒரு பாட்டும் தெரியாது. கட்டைவிரலால் எல்லாக் கம்பிகளையும் ஒரு தடவை வருடத் தெரியும். அவர்கள் தொழிலுக்கு அது போதுமாயிருந்தது.

ஏனென்றால் அவர்கள் கேட்கும் முறை அப்படி. அவர் சுவரில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அவள் தன் இஷ்டப்படி எந்தக் கிட்டாரையாவது எடுத்து ஒரு தடவை வருடுவாள். எது என்று அவர் சொல்லுவார். கண் பார்த்தால் காது பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. நெற்றி பட்டுப் பட்டு அந்த இடத்தில் சுவரின் சுண்ணாம்பே மங்கியிருந்தது. அவர் தப்பாகச் சொல்லி அவள் பார்த்ததில்லை.

அன்று தாடிக்காரர் போனதும் அவர் நெற்றியைச் சுவரில் வைத்தார். அவள் அக்காவை வருடினாள்.

“அக்கா.”

மறுபடியும் அக்காவையே வருடினாள். அவரை ஏமாற்ற அவள் வழக்கமாகச் செய்கிற விளையாட்டு அது. உடனே சிரித்துக்கொண்டே பிடித்துவிடுவார்.

“இது தங்கச்சி” என்றார்.

தங்கையை எடுத்து வருடினாள். குரல் நன்றாகவே மங்கல். பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். “அக்கா” என்றார் அவர், கொஞ்சம் யோசித்துவிட்டு.

யோசித்ததுதான் அவளைக் கலக்கியது. அந்த மனிதர் இதற்கெல்லாம் யோசித்தவரே அல்ல.

“என்ன, சரிதானே?” என்று திரும்பினார்.

“ம். சரிதான்.”

வாயிலிருந்து விழுந்துவிட்டது. ஏன் சொன்னாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. அவர் முகத்தில் அந்த நேரத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது, அவ்வளவுதான்.

“தாடி சொல்றது தப்பு. தங்கச்சி மட்டும் இல்ல, ரெண்டுமே மந்தம். ரெண்டையும் தூக்கி விடணும்” என்றார் அவர்.

அதற்கப்புறம் பழைய விஷயங்கள் ஒவ்வொன்றாக அவள் தலையைத் தின்னத் தொடங்கின. கதவு மணி வேலை செய்யவில்லை என்று அவர் சொன்னார்; அவள் முந்தின நாள்தான் அதற்குப் புதுப் பேட்டரி போட்டிருந்தாள். கொதிகெண்டி விசில் அடித்து அடித்துத் தண்ணீர் வற்றியபோது அவர் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். போன வாரம் ஜன்னலருகே நின்று, “இப்பல்லாம் குருவிங்க கத்துறதே இல்ல, கவனிச்சியா?” என்றார். ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து ஒரு குருவி அப்போது தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. அவர் கேலி செய்கிறார் என்று நினைத்து அவள் சிரித்து வைத்தாள்.

அவளுக்கு மாமனார் நினைவு வந்தார். நெசவு ஆலையில் வேலை செய்தவர். புருஷனுடைய இந்த வயதில்தான் அவர் காது போனது. முதலில் போனது மெல்லிய சத்தங்கள், பிறகு பேரப்பிள்ளைகளின் பேச்சு, பிறகு எல்லாம். ஒருவரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அவர் எல்லோரையும் பார்த்து எல்லாவற்றுக்கும் ஒரே சிரிப்பைச் சிரித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். ஒரு சொந்தக்காரரின் இழவு வீட்டிலும் அதே சிரிப்பு. காரியம் முடிந்து வீடு திரும்பியபோது புருஷன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது அவளுக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருந்தது:

“எனக்கு அப்படி வந்தா நீதான் மொதல்ல சொல்லணும். ஊர் சிரிக்கிற வரைக்கும் என்னை விட்டுடாத.”

“சரி” என்று சொல்லியிருந்தாள்.

சொல்லத்தான் வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், இந்த வேலை முடியட்டும். இப்படித்தான் நல்லவர்களெல்லாம் நாளைக் கடத்துகிறார்கள். நல்ல எண்ணத்தில் வாயை மூடிக்கொள்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு எரிச்சல் உண்டு, அவளும் விதிவிலக்கில்லை.

வேலை நடந்தது. இந்த வகைக் கிட்டாரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்ப் பாகங்களை மாற்றுவது சள்ளை பிடித்த வேலை. பின்னால் மூடி கிடையாது. மேல்பலகையில் இருக்கும் துவாரம் வழியாக எல்லாவற்றையும் வெளியே இழுக்க வேண்டும். திரும்ப உள்ளே வைக்க வழி தெரிய வேண்டும் என்பதற்காக அவள் ஒவ்வொரு பாகத்திலும் நூல் கட்டி இழுத்தாள், தூண்டில் போடுகிறவள் மாதிரி. அவர் சொன்ன பாகங்களைப் பற்றவைத்தாள். கம்பிக்கு அடியில் சத்தத்தை வாங்கும் காந்தத்தையும் அவர் சொன்ன உயரத்துக்குத் தூக்கினாள்.

“இன்னும் கொஞ்சம்.”

“போதும்ங்க. பல்லு கூசுது.”

“உன் காது பழகல. இன்னும் கொஞ்சம் ஏத்து.”

ஏற்றினாள். கை அவளுடையது. அதை அவள் பிற்பாடு மறக்கவே இல்லை.

தாடிக்காரர் அவசரத்தில் வந்தார். கடையில் வாசித்துப் பார்க்கச் சொன்னாள், வற்புறுத்தியே சொன்னாள். “நீங்க ஒரு ஆளு, அண்ணி! அண்ணன் கேட்டாச்சுல்ல? அதுக்கு மேல நான் என்ன கேக்குறது?” என்று சிரித்தார். மறுநாள் நிகழ்ச்சிக்கு முன்னால் அரங்கில் ஒத்திகை இருக்கிறது, ரெண்டு பேரும் கட்டாயம் வரணும் என்று சொல்லிவிட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் இருவரும் கிளம்பினார்கள். வழியெல்லாம் சொல்ல வாயெடுத்தாள். அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, இந்தப் பொண்ணுங்க ரெண்டும் இன்னிக்கு எப்படிப் பாடப்போகுது பாரு என்று குழந்தை மாதிரி பேசிக்கொண்டே வந்தார்.

பகல் வெளிச்சத்தில் காலி அரங்கம் பெரிதாகத் தெரிந்தது. முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடையில் டிரம் அடிப்பவர், பாட்டுக்காரம்மா, தாடிக்காரர். அவர் அக்காவைத் தோளில் மாட்டி, ஒலிபெருக்கியைத் திறந்து, முதல் கம்பியை மீட்டினார்.

தகரத்தை ஆணியால் கீறியது போல அது வந்தது. பாட்டுக்காரம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு காதையும் பொத்தினாள். டிரம்காரர் தோளைக் குறுக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். தாடிக்காரர் நம்பாமல் தங்கையை எடுத்தார். அதுவும் அதே கீறல். அவர் கேட்டபடியே அச்சு அசலாக ஒரே குரல்.

அவள் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெரிய அரங்கில் அவர் ஒருவர்தான் சிரித்துக்கொண்டிருந்தார். தலையை மெல்ல ஆட்டிக்கொண்டு, எல்லோரையும் பார்த்து, மாமனாரின் சிரிப்பு.

“கேட்டியா? இப்பதான் உயிர் வந்திருக்கு” என்று அவளிடம் திரும்பினார்.

அவள் கைகள் அவள் காதுகளின் மேல் இருந்தன. எப்போது போயின என்று அவளுக்கே தெரியவில்லை. சட்டென்று இறக்கினாள், அவர் பார்த்துவிட்டார்.

அவர் மேடையைப் பார்த்தார். பாட்டுக்காரம்மாவின் கைகளைப் பார்த்தார். தாடிக்காரர் தலையைக் குனிந்து கம்பிகளைத் தடவிக்கொண்டிருந்தார். புருஷனின் சிரிப்பு ஒரேயடியாகப் போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் உதட்டில் கொஞ்ச நேரம் நின்றது.

“அன்னிக்கு... சுவத்துக்கிட்ட” என்றார். “நான் சரியாத்தானே சொன்னேன்?”

அவர் பக்கம் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மெல்ல, “இல்லீங்க” என்றாள்.

அவர் கையைக் குவித்துக் காதருகே வைத்துக்கொண்டார்.

“என்ன சொன்ன?”

அவள் மேடையில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு அதையே இன்னொரு தடவை, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.