வலது பக்க ஜன்னல்

போன தை மாதம், மதுரையிலிருந்து பெங்களூருக்குக் கிளம்பிய காலை விமானத்தில் நடந்தது இது.

திண்டுக்கல்லில் நான் சின்னதாக ஒரு டிராவல்ஸ் நடத்துகிறேன். எதிர்ச்சாரியிலேயே இன்னொரு டிராவல்ஸ். அதை நடத்துபவர் பேகம்பூர்க்காரர். அவர் விமானத்தில் மைசூருக்கு மூன்று நாள் டூர் என்று போர்டு வைத்தால், நான் அதே டூரைக் குறைந்த விலைக்கு, பை ஒன்று இலவசம் என்று சேர்த்து வைப்பேன். அப்படியும் அவரிடம் ஒருமுறை போனவர்கள் மறுபடியும் அவரிடமே போனார்கள். எனக்கு வயிறு எரியும். கடைசியில், ‘ஜன்னல் சீட் கேட்டால் ஜன்னல் சீட்’ என்றும் எழுதிப் போட்டேன்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் வடமதுரைப் பக்கத்திலிருந்து அந்த அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். முதல் விமானப் பயணம். மாடுகளை விட்டுவிட்டு வர முடியாதென்று வீட்டுக்காரர் ஊரிலேயே தங்கிவிட்டார். ஆனால் இருவரும் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். விமானம் போகிற நேரத்துக்கு அவர் களத்தில் நீலத் தார்ப்பாயை விரித்து, நடுவில் நின்று கையாட்டுவார். இவர் மேலிருந்து பார்க்க வேண்டும். இதை என்னிடம் சொல்லும்போது அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு வெட்கம். “கண்டிப்பா தெரியும்மா” என்று சொல்லி டிக்கெட் போட்டேன்.

டூர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நானும் கிளம்பினேன். அன்று பார்த்து எதிர்க்கடைக்காரரும் தன் ஆட்களோடு அதே விமானத்தில் வந்திருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு இடது ஜன்னல், பக்கத்தில் நான். அதே வரிசையில் வலது ஜன்னலில் அவர்.

விமானம் முக்கால் மணி நேரம் தாமதம். “வெயில்ல நிப்பாரு தாயி. செத்த நேரம் உக்காருங்கன்னாலும் கேக்க மாட்டாரு” என்று புலம்பிக்கொண்டே அந்த அம்மா பெல்ட்டை மாட்டினார். பிறகு கேட்டார்: “நம்ம ஊரு இந்தப் பக்கந்தானே வரும்?”

எந்தப் பக்கம் என்று நான் யோசித்ததே இல்லை. வாய் கூசாமல் ஆமாம் என்றேன்.

எதிர்க்கடைக்காரர் காதில் விழுந்துவிட்டது. “இல்லம்மா, வடமதுரை வலது பக்கம் வரும். இங்கிட்டு வந்து உக்காருங்க” என்று எழுந்து தன் இடத்தைக் கொடுத்துவிட்டார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் என்னிடம், “எந்த ஊரு, என்ன பாக்கணும்னு கேட்டுக்கிட்டுத்தாம்மா நான் சீட்டே போடுவேன்” என்றார். குத்திக்காட்டவில்லை, தொழில் விஷயமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அவமானமாக இருந்தது.

விமானம் ஏறியது. கண்மாய்கள் ஒவ்வொன்றாக மினுங்கி மறைந்தன. தென்னந்தோப்புகள் கோலப்புள்ளிகளாகச் சிறுத்துப்போயின. பிறகு என் இடத்திலிருந்து வானம்தான் தெரிந்தது, அதற்கு முன்னால் அந்த அம்மாவின் முகம். கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, கனவில் இருப்பவர் மாதிரி மெதுவாகக் கையை உயர்த்தி ஆட்டினார்.

“தெரிஞ்சுச்சாம்மா?” என்று கேட்டேன்.

“நீலமா ஒரு பொட்டு. அவருதான்.”

அம்புட்டு உயரத்திலிருந்து ஒரு தார்ப்பாய் தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெங்களூரில் இறங்கியதும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். அவர் “கையாட்டுனேனே, பாத்தியா?” என்று கேட்டது எனக்கே கேட்டது.

“பாத்தேன், பாத்தேன். தலையில ஒரு துண்டப் போட்டுக்கிட்டு நின்னா என்னவாம்?”

போர்டில் அந்த ஜன்னல் வரியை மறுவாரமே அழித்துவிட்டேன். இப்போதெல்லாம் யார் டிக்கெட் கேட்டு வந்தாலும் அந்த நீலப் பொட்டு என் கண்முன் வந்து நிற்கிறது. கீழே உங்களுக்காக யாராவது நிற்பார்களா என்று கேட்டுக்கொண்டுதான் சீட்டே போடுகிறேன்.