பெண் பார்க்க வந்த வாத்தியார்கள்

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராகச் சேர்ந்த புதிது. ஒரே அறை, ஐந்து வகுப்பு, நான் ஒருத்தி. சம்பளம் தாமதமானால் யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியாது. அக்கம்பக்கத்துத் தோட்டப் பள்ளிகளிலும் வாத்தியார்கள் இப்படித்தான் தனித்தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சங்கம் வைத்தால் என்ன என்று பஸ்ஸில் பழக்கமான வாத்தியார்கள் சிலரும் நானும் பேசிக்கொண்டோம்.

எங்கே கூடுவது? வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்கத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் அனுமதி வேண்டும். சங்கம் என்று அவர் காதில் விழுந்தால் என் வேலையும் போகும், அப்பா அம்மா குடியிருக்கும், தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுத்த வரிசை வீட்டு அறையான லயக் காம்பராவும் போகும். கல்யாணம், கருமாதி என்று வரும் சொந்தக்காரர்களை மட்டும் யாரும் தடுப்பதில்லை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வாத்தியார்கள் என்னைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு! அம்மா நிஜமாகவே கேசரி கிண்டிவிட்டார்.

வாத்தியார்கள் வந்து உட்கார்ந்து, சங்கப் பேச்சு சூடு பிடித்த நேரம், வாசலில் கண்டாக்கு ஐயா வந்து நின்றார். தோட்டத்து வேலையை மேற்பார்க்கிறவர், துரைக்குக் கண்ணும் காதும் அவர்தான். வாத்தியார்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“பொண்ணு பாக்க வந்தவங்க ஒரு பொம்பளையக்கூடவா கூட்டிட்டு வரல?”

அடக் கடவுளே! அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தவர் வாயில் போட்ட கேசரியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் முழித்தார்.

அப்போது பார்த்து அடுத்த காம்பரா அக்கா வெளியே வந்தார். லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் நடந்த சண்டைக்குப் பிறகு அவருக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. தொலைந்தோம், போட்டுக் கொடுக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

“ஏங்கய்யா, நான் பொம்பளையாத் தெரியலீங்களா? மாப்பிள்ளைக்கு நான் சித்தி முறைங்க. நான் சொல்லித்தான் வந்திருக்காங்க” என்றார், சேலையில் கையைத் துடைத்தபடி.

கண்டாக்கு ஐயா சிரித்துவிட்டு, கொஞ்சம் கேசரியும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

“செவுத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டுச்சு டீச்சரம்மா. தோட்டம் தோட்டமா ஆள் சேக்குறீங்க, பக்கத்துல இருக்குறவகிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்றார்.

சங்கம் அமைந்தது. எங்கே வேலை காலி என்று ஒருவருக்கொருவர் சொல்லியே எத்தனையோ பிள்ளைகள் டீச்சரானார்கள். நானும் பல ஊருக்கு மாற்றலாகிப் போனேன்; போன இடத்திலெல்லாம் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிடுவேன், அன்றைய பயமும் இன்னும் போகவில்லை, அந்த நன்றியும்தான்.