கஞ்சியா, பாணா?

இந்திராதேவி அக்காவைப் பற்றி ஒரு குரல்செய்தி சுற்றியது. நாற்பத்தேழு விநாடி. அதைப் போட்ட வாய்க்கு ஒரு கோதாரியும் வரவில்லை. அதைக் கேட்டுவிட்டு ஒரு கிழமைக்கு மேலாகப் பேசாமல் இருந்த எனக்குத்தான் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது. அதனால் நானே சொல்கிறேன், முதலிலிருந்து.

என் பெயர் தாட்சாயினி. கியூபெக்கில், வில்லரே என்ற பகுதியில் ஒரு மூன்று தட்டு வீட்டின் நடுத்தட்டில் இருக்கிறேன். வேலை புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில், பெட்டி அடுக்குவது. கீழ்த்தட்டில் அக்கா. தன் வீட்டிலேயே ஆறு சின்னப்பிள்ளைகளை வைத்துக் கார்டெரி, அதாவது பிள்ளைக் காப்பகம், நடத்துகிறார். காலை ஏழரைக்குக் கதவு மணி அடிக்கத் தொடங்கினால் மாலை ஐந்தரை வரை கீழே சிரிப்பும் அழுகையும்தான். நான் பழகிவிட்டேன்.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. கலியாணம் முடித்து இங்கே வந்த அடுத்த மாதமே ஒரு தையல் தொழிற்சாலையில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தவர். பதினாறு வருடம் காற்சட்டைக்குச் சிப் தைத்தார். தொழிற்சாலையை மூடியபோது நாற்பத்துநாலு வயது. அந்த வயதில் பிரெஞ்சு வகுப்புக்குப் போய், இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வினைச்சொல் பாடமாக்கினார். பிறகு முதலுதவிப் படிப்பு, பொலிஸ் பத்திரம், வீட்டுப் பரிசோதனை. அனுமதிப் பத்திரம் கைக்கு வந்த அன்று அதைச் சட்டம் போட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் கொழுவினார். அடுத்த வருடம் புருஷன் மாரடைப்பில் போனார். மகன் ஒட்டாவாவில். அந்தப் பத்திரமும் ஆறு பிள்ளைகளும்தான் அவருடைய வாழ்க்கை என்று சொன்னால் அதில் ஒரு மிகையும் இல்லை.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சனி விட்டு ஒரு சனிக்கிழமை பின்னேரம் அரசாங்கக் கஞ்சாக் கடைக்குப் போவார். சுருட்டியே விற்கும் ஒன்றை, பச்சை மூடி போட்ட சின்னக் குழாயில் இருப்பதை வாங்குவார். என் பின்பல்கனியில் இருந்து அதில் பாதியைப் புகைப்பார். மிச்சம் அடுத்த சனிக்கு.

என்ன, முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். இந்த நாட்டில் அது சட்டப்படி சரி. கியூபெக்கில் இருபத்தொரு வயது ஆனவர் யாரும் போய் வாங்கலாம். வாசலில் நிற்கும் பெடியன் அக்காவின் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு அடையாள அட்டைகூடக் கேட்க மாட்டான், போன்ஜூர் மதாம் என்று மட்டும் சொல்வான். முதல் தடவை போனபோது அக்கா அங்கே நின்றவனிடம் குழாயைத் திறந்து காட்டச் சொன்னாராம், மணந்து பார்க்க வேண்டும் என்று. அவன் முடியாது என்றானாம். "மணந்து பாக்காமல் என்னெண்டு வாங்கிறது? கத்தரிக்காயைக்கூட அமத்திப் பாத்தெல்லோ வாங்கிறம்" என்று திரும்பி வரும் வழி முழுக்கப் புறுபுறுத்தார்.

ஏன் என் வீட்டில் புகைக்கிறார்? பிள்ளைகள் தவழும் வீட்டுக்குள் அது வரக்கூடாது என்பது அவருடைய சத்தியம். மெட்ரோவிலிருந்து இறங்கி வந்தால் தன் கதவைத் திறக்க மாட்டார், நேரே என் படியில் ஏறுவார். குழாய் என் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும். என் குத்தகைப் பத்திரத்தில் புகைக்கக்கூடாது என்று எங்கேனும் இருக்கிறதா என்றுகூட வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினார்.

ஒருமுறை கேட்டேன், "அக்கா, உங்களுக்கு முழங்கால் நோவோ?"

"எனக்கு ஒரு நோவும் இல்லையடி. கிழமை முழுக்க மற்ற ஆக்களின்ரை மூக்கைத் துடைக்கிறன். சனிக்கிழமை ரெண்டு மணித்தியாலம் எனக்கு. விருப்பமா இருக்கு, செய்யிறன்."

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று வருடமாக அவருடன் கடை வாசல் வரை போயிருக்கிறேன். உள்ளே ஒரு நாளும் போனதில்லை. ஆராவது தமிழ் ஆட்கள் கண்டால்? அந்தப் பயம். கடைக் கண்ணாடிக்கு உள்ளே வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கும், தெருவில் போகும் பிள்ளைகள் கண்ணில் எதுவும் படக்கூடாதென்று. வருகிறவர் போகிறவர் முகம் பார்க்காமல், அந்த வெள்ளைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நடைபாதையில் நிற்பேன். என் கோழைத்தனம் பிறகு ஒரு உதவிக்கு வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது கஞ்சிக்கு வருகிறேன். அக்காவின் கார்டெரியில் வெள்ளிக்கிழமை இலைக்கஞ்சி. சிவப்பரிசி, தேங்காய்ப்பால், முருங்கையிலை, வல்லாரை. மிளகு போடமாட்டார். வேண்டாம் என்ற பிள்ளைக்குப் பேக்கரிப் பாணும் வெண்ணெயும். ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் குனிந்து கேட்பார்: "கஞ்சியா, பாணா?" பிள்ளைகளுக்குத் தமிழ் கூடுதலாகக் காதில் விழுவது அந்த வீட்டில்தான். அவர்களுக்குக் கேள்வி எது, பெயர் எது என்று தெரியுமா? பாணுக்குப் பெயர் பாணா என்று பிடித்துக்கொண்டார்கள். பாலுக்குப் பாலா. முட்டைக்கு முட்டையா. அக்காவுக்கு இது தெரியும், சிரித்துவிட்டு விட்டுவிடுவார்.

ரக்ஷனாவுக்கு மூன்று வயது. நாக்கு இன்னும் சரியாகத் திரும்பவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய தாய் பிரஷாந்தினி காரில் ஏற்றும்போது கேட்டிருக்கிறாள், இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள் குஞ்சு என்று. பிள்ளை சொன்னது: "கஞ்சா! பச்சைக் கஞ்சா! ரெண்டு தரம்!" சொல்லிவிட்டு வயிறு நிறைந்த பிள்ளை காரிலேயே தூங்கிவிட்டது.

பிரஷாந்தினி பதறிப்போய் வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். றஜிந்தன் ஆறுதலாகச் சொல்லியிருக்க வேண்டியது என்ன? அக்காவுக்கு ஒரு போன் எடுத்துக் கேள் என்று. ஒரு நிமிட வேலை. அவன் பெற்றோர் குரூப்பில் குரல்செய்தி போட்டான்: "எல்லாரும் கேளுங்கோ. உந்த இந்திராதேவி அக்கா கஞ்சாக் கடைக்குப் போறவ. நான் என்ரை கண்ணாலை கண்டனான். கவுண்டரிலை நிண்டு, கொம் தாபிச்யூட் எண்டு சொல்லுறா, வழக்கமானதுதானாம்! பச்சை மூடிக் குழாய். இப்ப எங்கடை பிள்ளையள் கஞ்சா சாப்பிட்டம் எண்டு வந்து சொல்லுதுகள்."

பிள்ளைகளை விடிய ஏற்றிக்கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்துவிட்டு ஓடுகிற சனம். காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்திருந்தது யார்? பனிப்புயலில் தாய் வந்து சேரும்வரை ஏழு மணி வரைக்கும் கதை சொல்லி வைத்திருந்தது யார்? ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. "சீ, எனக்கு அப்பவே தெரியும்" என்று ஒருத்தி எழுதினாள். என்ன தெரியுமாம் அவளுக்கு? இதே ரக்ஷனாவின் முதலாம் பிறந்தநாளில் றஜிந்தன் விஸ்கிப் போத்தலோடு மேசை மேசையாக நடந்தான். அன்றைக்கு ஒருவரும் குரல்செய்தி போடவில்லை. குடிக்கிற ஆம்பிளை கலகலப்பான ஆள், புகைக்கிற பொம்பிளை கஞ்சாக்காறி. விசர்ச் சனம்!

ஆனால் நான்? குரூப்பில் நானும் இருந்தேன், முன்பு என் மகள் அங்கே போனதால். அந்தக் குழாய் என் வீட்டில்தான் இருக்கிறது, கார்டெரிக்குள் ஒரு நாளும் போனதில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதத் தொடங்கினேன், அழித்தேன். திரும்ப எழுதினேன், திரும்ப அழித்தேன். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்களே!

திங்கட்கிழமை ஆறு பிள்ளைகளில் இரண்டுதான் வந்தன. ஹெயிட்டிக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களின் தாயிடம் அக்காவே நடந்ததைச் சொன்னார். அவள் தோளைக் குலுக்கிவிட்டு "அதுக்கென்ன?" என்று பிரெஞ்சில் கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். தமிழ்ப் பிள்ளைகள் நான்கும் இல்லை. யாரோ முறைப்பாடும் கொடுத்திருந்தார்கள். புதன்கிழமை அனுமதிப் பத்திரம் கொடுத்த அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து அலுமாரி, குளிர்பெட்டி, கட்டிலுக்குக் கீழ் எல்லாம் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கடிதம் வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள். கடிதம் வந்தாலென்ன, பிள்ளைகள் வரவேண்டுமே. இரண்டு பிள்ளைகளோடு கார்டெரி எத்தனை மாதம் ஓடும்?

"திரும்பத் தையல் மெஷினுக்குப் போக இப்ப கண்ணும் தெரியாதடி" என்றார் அக்கா. அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது, ஆத்திரத்தில்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு வீட்டாரையும் அக்காவே கூப்பிட்டார். பிள்ளைகளையும் கொண்டுவரச் சொன்னார். வந்தார்கள். வழக்கமாகக் குசினி வரை வருகிறவர்கள், நீதிமன்றத்துக்கு வந்தவர்கள் மாதிரி கதிரையின் நுனியில் இருந்தார்கள். ஒரு பிள்ளையின் தாத்தா குணரத்தினம் ஐயாவும் வந்திருந்தார், பெரியவர் என்று.

அக்கா குசினிக்குள் போய்க் கஞ்சிப் பானையோடு வந்தார். ஒரு கோப்பையில் ஊற்றி ரக்ஷனாவுக்கு முன்னால் வைத்தார்.

"இது என்ன, குஞ்சு?"

"கஞ்சா!" என்றாள் பிள்ளை, சந்தோஷமாக.

பிரஷாந்தினி நெஞ்சில் கை வைத்தாள். அக்கா ஒரு துண்டுப் பாணை எடுத்துக் காட்டினார். "இது?"

"பாணா!"

"இது?"

"பாலா!"

"இது?"

"முட்டையா!"

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிரஷாந்தினியின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. "ஐயோ அக்கா... கஞ்சியையே சொன்னவள்?" என்றாள். கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தும் பார்த்தாள்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். றஜிந்தன் விட்டானா? "அது சரி. ஆனால் அந்தக் கடைக்குப் போறவ போறவதானே? அதை நான் கண்டனான்."

குணரத்தினம் ஐயா தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, முழங்கால் நோவுக்கு மருந்தெண்டு சொல்லிவிடுங்கோ. விசயம் இதோட முடிஞ்சுது. நாளைக்குப் பிள்ளையள் வரும்."

அவ்வளவுதான் கேட்டார்கள். ஒரு சின்னப் பொய். சொன்னால் நான்கு பிள்ளைகளும் திரும்பி வரும். அக்கா சுவரில் கொழுவியிருந்த பத்திரத்தைப் பார்த்தார். சொல்லுங்கோ அக்கா என்று நான்கூட மனதுக்குள் கெஞ்சினேன்.

"எனக்கு முழங்கால் நல்லா இருக்கு ஐயா" என்றார். "விருப்பத்துக்கு வாங்கிறன். இனியும் வாங்குவன்."

"பாத்தியளே! பாத்தியளே!" என்று றஜிந்தன் எழும்பினான். "கவுண்டரிலை நிண்டு கொம் தாபிச்யூட் எண்டவ. என்ரை காதாலை கேட்டனான்!"

அப்போதுதான் என் மண்டைக்குள் அது பளிச்சென்று பட்டது. நான் எழும்பினேன்.

"அந்தக் குழாய் என்ரை வீட்டை, அலுமாரிக்கு மேலை இருக்கு. இந்த வீட்டுக்குள்ளை ஒரு நாளும் வந்ததில்லை. அவவோட மூண்டு வருசமாக் கடை வாசலுக்குப் போறது நான்தான். வாசலிலை நிண்டு கண்ணாடியைப் பாத்துக்கொண்டிருப்பன். வெள்ளைத்தாள் ஒட்டினது. உள்ளை ஒரு மனிசரும் தெரியாது, ஒரு சத்தமும் வெளியிலை கேக்காது." றஜிந்தனின் பக்கம் திரும்பினேன். "தம்பி, கவுண்டரிலை அக்கா சொன்னது உங்களுக்கு எப்பிடிக் கேட்டது? குழாயின்ரை மூடி பச்சை எண்டு எப்பிடித் தெரியும்?"

ரக்ஷனா கஞ்சியை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

பிரஷாந்தினி மெல்லத் திரும்பினாள். "சனிக்கிழமையிலை கார் கழுவப் போறன் எண்டுதானே போறனீங்கள்?"

அவன் வாய் திறந்தது, மூடியது. நாற்பத்தேழு விநாடி நிற்காமல் பேசிய வாய்!

எனக்கு அவனை உலுப்ப வேண்டும் போல இருந்தது. அக்கா என் கையைப் பிடித்து இருத்தினார். "பிரஷாந்தினி, அவரை விடம்மா. வாங்கினது பிழையில்லை, நானும்தான் வாங்கினனான். வரிசையிலை எனக்குப் பின்னாலை நிண்டுபோட்டு, வீட்டை வந்து என்னைக் கஞ்சாக்காறி எண்டது, அதுதான் பிழை."

மறுநாள் மூன்று பிள்ளைகள் வந்தன. குணரத்தினம் ஐயாவின் பேரன் வரவேயில்லை. பொய் சொல்லாததற்கு அக்கா கொடுத்த விலை அது. குரூப்பில் குரல்செய்தி அழிக்கப்பட்டிருந்தது. மன்னிப்பு என்று ஒரு சொல், ஒரு சொல்கூட, யாரும் எழுதவில்லை. அன்றைக்கு அழித்த அந்த வரியை இந்த முறை நான் எழுதினேன், அழிக்கவும் இல்லை.

ரக்ஷனாவைக் கொண்டுவந்தவன் றஜிந்தன். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தான். நான் வேலைக்குப் போகப் படியிறங்கி வந்துகொண்டிருந்தேன்.

"அக்கா" என்றான் மெதுவாக. "நான் கடைக்குப் போறது வெளியிலை தெரிய வேண்டாம். அம்மாவின்ரை காதுக்குப் போனால்..."

"பயப்பிடாதேங்கோ தம்பி. எனக்குக் குரல்செய்தி போடத் தெரியாது" என்றார் அக்கா.

பிறகு பிள்ளைக்கு முன்னால் குனிந்தார். திங்கட்கிழமைதான், ஆனாலும் அன்றைக்குக் கஞ்சி வைத்திருந்தார். "கஞ்சியா, பாணா?"

"கஞ்சா!" என்று பிள்ளை கத்தினாள்.

அக்கா நிமிர்ந்தார். தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "கேட்டதே தம்பி? கஞ்சாவாம். போய்க் குரூப்பிலை போடுங்கோ."