கம்பெனி பஸ்ஸில் ஷாலின்

ஒரகடம் தொழிற்சாலையில் டேட்டா என்ட்ரி வேலைக்குச் சேர்ந்தபோது ஷாலினுக்கு வயது இருபது. வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில், கூட வேலை பார்த்த தோழி காந்திமதியோடு ஒரே டப்பாவில் இட்லி தின்றபடியே பதினெட்டு ஆண்டுகள் போய்வந்தாள். இந்த ஆண்டு கம்ப்யூட்டர் பிரிவுக்கே தலைமை ஏற்றாள், கார் கொடுத்தார்கள். காரில் பேச ஆளில்லை. ஒரு திங்கட்கிழமை காரை வேண்டாமென்று சொல்லிவிட்டுப் பழைய பஸ்ஸில் ஏறினாள். சிரிப்புச் சத்தம் சட்டென்று அடங்கியது. காந்திமதி எழுந்து நின்றாள்.

“உக்காருங்க மேடம்.”

“இன்னாடி மேடம்? நான் ஷாலின்டி!”

“கேட்டுல நீங்க வெச்ச அட்டெண்டன்ஸ் மெஷின்தானே நாங்க லேட்டா வர்றத மேல போட்டுக் குடுக்குது,” என்று சொல்லிவிட்டுக் காந்திமதி பின்சீட்டுக்குப் போய்விட்டாள்.

பக்கத்தில் யாராவது வந்து உட்காரட்டும் என்று ஷாலின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரகடம் வரை யாரும் வரவில்லை. மறுநாள் காரிலேயே போனாள்.